வலது கை மட்டும் கலைந்த படம்

மோதி பாக், டெல்லி
24 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

ஃபோனில் பேசினால் நாம் இரண்டாவது நிமிடத்தில் கத்துகிறோம். எழுதினால் இரண்டாவது பக்கம்வரையாவது தாங்கும் என்று மின்னஞ்சலில் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதில் இன்னொரு சௌகரியம், என் மனைவியால் இதைப் படிக்க முடியாது. சுஷ்மா டெல்லியில் பிறந்த தமிழ்ப்பெண்; நன்றாகப் பேசுவாள், எழுத்தைப் பார்த்தால் கோலம் என்பாள். அப்பா நம் இருவரையும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது இப்படியொரு குடும்பச் சண்டை வரும் என்று எதிர்பார்த்துத்தான் போலிருக்கிறது.

மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். தீபாவளி அன்று எடுத்தவை. அப்பா காலமான வருஷம் என்பதால் நமக்குப் பண்டிகை கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது, பட்சணம் கூடாது, பட்டாசு கூடாது. பிறத்தியார் வெடிப்பதைப் படம் எடுக்கக் கூடாது என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை. நான் சாஸ்திரம் எதையும் படித்ததில்லை, அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

ஆனால் நம் மொட்டை மாடிக்குப் போக மனம் வரவில்லை. பூங்காவுக்கு அந்தப் பக்கம் என் சிநேகிதன் வெங்கி இருக்கும் பிளாக்கின் மாடியில் காமிராவை வைத்தேன். அதனால் ஆயுளில் முதல்முறையாக நம் பிளாக்கின் மாடி படத்தில் விழுந்திருக்கிறது. அடியில், வாணங்களுக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிகளோடு தெரிகிறதே, அதுதான்.

இரவில் வாணம் எடுக்கும் வித்தை உனக்கு மறந்திருக்கலாம். ஷட்டரைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். லென்ஸை ஒரு கறுப்புத் துணியால் மறைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ராக்கெட் கிளம்பும் சத்தம் கேட்டதும் துணியை விலக்கி, வெடித்து உதிர்ந்ததும் மறுபடி மறைக்க வேண்டும். இப்படி ஒரே படத்தில் நாலைந்து வாணங்கள் சேரும். நம் வீட்டில் அந்தத் துணி அப்பாவின் கறுப்பு மங்கி கேப். டெல்லித் தமிழர்கள் அக்டோபரில் முதல் காற்று அடித்ததும் அதை மாட்டிக்கொண்டு ஹோலிக்குத்தான் கழற்றுவார்கள். அப்பா தீபாவளி இரவில் மட்டும் கலைக்காகக் கழற்றினார். நான் பட்டனை அழுத்துவேன், அவர் தொப்பியோடு நிற்பார். 'உஸ்' என்ற சத்தம் வந்ததும் அவருடைய வலது கை தானாக உயரும். அக்கௌண்ட்ஸ் ஆபீஸில் இருந்த காலம் முழுவதும் அவர் ஒரு ஃபைலைக்கூட அவ்வளவு வேகமாக நகர்த்தியதில்லை.

இந்த வருஷம் தொப்பியை நானே பிடித்தேன். பாதி வாணத்துக்கு லேட். பசுமைப் பட்டாசுக்கு மட்டும்தான் அனுமதி. பசுமையாகத்தான் இருந்திருக்கும், புகையில் நிறம் தெரியவில்லை.

அம்மா சௌக்கியம். சுஷ்மா அன்றைக்குக் கரோல் பாகில் அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள். முழங்காலுக்காகப் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பதின்மூன்றாம் நாள் நீ எல்லார் முன்னாலும் சொன்னதுபோல் நான் அவளை ஒரு மூலையில் போட்டுவைக்கவில்லை. ஜன்னல் ஓரமாகத்தான் வைத்திருக்கிறேன்.

நரேன்

*

நங்கநல்லூர், சென்னை
26 அக்டோபர் 2025

நரேன்,

படங்கள் வந்தன. அழகாக இருக்கின்றன. கடிதமும் வந்தது. அது சுமார்.

'அம்மா சௌக்கியம்' என்று எழுதியிருக்கிறாய். இது பார்த்தவன் எழுதிய வாக்கியமாக இல்லை. மேலதிகாரி கேட்டதற்குக் கீழதிகாரி எழுதிய வாக்கியம். ஜன்னல் ஓரம் என்கிறாய். எந்த ஜன்னல், அதில் என்ன தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டு அவள் என்ன நினைக்கிறாள் என்று உன்னைக் கேட்டால் முழிப்பாய். அவளை இங்கே அனுப்பு என்று நான் சொன்னபோது, 'அம்மா என்ன டிரான்ஸ்ஃபர் ஆகிற ஃபைலா?' என்று கேட்டாய். ஃபைலையாவது மாதம் ஒருமுறை யாராவது திறந்து பார்ப்பார்கள்.

அது இருக்கட்டும். வேறு ஒன்று கேட்க வேண்டும்.

நம் மாடியில் யார்?

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கிறார். கைப்பிடிச் சுவருக்கு மேலே இடுப்புவரை தெரிகிறது. முகம் தெரியவில்லை, பின்னால் புகை. பிறகு முதல் படத்தைப் பார்த்தேன். அதே இடம், அதே ஆள். மூன்றாவதிலும். தோளும் தலையும் செதுக்கி வைத்ததுபோல் தெளிவாக இருக்கின்றன. வலது கை மட்டும் கலைந்திருக்கிறது. மேலும் கீழுமாக ஒரு சாம்பல் தீற்றல்.

யார் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மேதா

*

மோதி பாக்
29 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். யார் என்று தெரியாததால் வேறு எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் லென்ஸுக்குள் ஒளி சிதறியிருக்கும் என்று நினைத்தேன். சிதறும் ஒளிக்குத் தோள்பட்டை இருக்காது. அப்புறம் யாரோ குளிருக்குப் போர்த்தும் ரஜாயை வெயிலில் போட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் பிளாக்கில் ரஜாய் உள்ள எல்லோரையும் விசாரித்தேன். எல்லோரும் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

ஒரு விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து பிளாக்கின் மாடியைப் பார். அன்றைக்கு அங்கே ஒரு கும்பலே ஆடிக்கொண்டிருந்தது. டோல் மேளச் சத்தம் வெங்கியின் மாடிவரை கேட்டது. படத்தில் ஒருவர்கூட இல்லை. ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருந்தால் அசைகிறவர்கள் தங்க மாட்டார்கள், கரைந்துபோவார்கள். அசையாதவை மட்டும்தான் தங்கும். சுவர், தொட்டி, டிஷ் ஆண்டெனா. தீபாவளி இரவில் டெல்லியில் உயிரோடு இருக்கும் யாரும் அப்படி அசையாமல் நிற்பதில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்துபோய் ஹாலில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வந்தேன்.

பகலில் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு தொட்டிகளுக்கு நடுவில் அப்பா உட்காரும் பிரம்பு மோடா கிடந்தது. போன வருஷம் நான்தான் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். வருஷம் முழுக்க வெயிலில் கிடந்தும் தூசு தும்பு இல்லை. அந்தக் காலத்து மோடா. கீழே கொண்டுவந்து ஹாலில் போட்டேன்.

அம்மாவிடம், "தீபாவளி அன்னிக்கு நீ தூங்கிட்டியாம்மா?" என்று கேட்டேன். "ஆமாண்டா" என்றாள். மோடாவைப் பார்த்தாள். பாவம், அவளுக்கு அப்பா ஞாபகம் வந்திருக்கும்.

படத்தைச் சுஷ்மாவிடம் காட்டியது தவறு. அவள் கீழ்வீட்டில் காட்டினாள். கீழ்வீடு, காவலுக்கு இருக்கும் சௌக்கிதாருக்குக் காட்டியது. அவன் இப்போது மாடி டேங்கில் தண்ணீர் பார்க்கப் போக மாட்டேன் என்கிறான். நேற்று சங்கத்துக் காரியதரிசி குலாட்டி வந்தார். "ராமமூர்த்தி ஜி படே ஷரீஃப் ஆத்மி தே" என்று அப்பாவின் நல்ல குணத்தை மெச்சி அரை மணி நேரம் பேசிவிட்டு, அவர் இனி மேலே வராமல் இருக்க மாடிக் கதவைப் பூட்டிவிடலாம் என்றார். பூட்டுப் போட்டால் ஆவி என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. சுஷ்மாவும், "அச்சா, லாக் பண்ணிடுங்கோ, எனக்கு மாடிப்படி லைட் போடவே பயமாருக்கு" என்றாள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒன்றாம் தேதியிலிருந்து பூட்டு.

அந்தத் தொப்பியை அலமாரியில் வைத்துவிட்டேன். கதவைத் திறந்தால் அப்பாவின் தைல வாசனை வருகிறது. அதனால் திறப்பதில்லை.

நரேன்

*

நங்கநல்லூர்
31 அக்டோபர் 2025

நரேன்,

பூட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாயா?

அப்பாவை வீட்டுக்குள் வராதே என்று எழுதிக் கொடுத்த முதல் பிள்ளை நீயாகத்தான் இருப்பாய். அதுவும் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில்.

எனக்குப் பயமில்லை. எனக்கு என்ன இருக்கிறது என்று சொல்லட்டுமா? பொறாமை. ராத்திரி சாப்பிட்டுப் பாத்திரம் ஒழித்ததும் அந்தப் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்கிறேன். கலைந்த கையைப் பார்க்கிறேன். தொப்பியை விலக்குகிற கை அது. உனக்கும் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். தெரிந்துதான் ரஜாய் ரஜாய் என்று எழுதியிருக்கிறாய். தொப்பி அன்றைக்கு உன்னிடம் இருந்தது. அவர் வெறும் கையை உயர்த்திக்கொண்டு நின்றிருக்கிறார், நீ எதிர்ப்புறத்தில் லேட்டாகத் துணியை எடுத்துக்கொண்டிருந்தாய். நான் இங்கே எட்டு மாதமாகக் கனவிலாவது வருவாரா என்று படுக்கிறேன். வருவதில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காத உன் படத்தில் போய் மூன்று முறை நிற்கிறார்.

சரி. ஒன்று முடிவு செய்துவிட்டேன். எட்டாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். திரும்பி வர இரண்டு டிக்கெட். அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். இறந்தவர் மாடியில் நிற்கிற வீட்டில், அதைக் கண்டு எல்லோரும் நடுங்குகிற வீட்டில், அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு இருட்டில் படுத்துக் கிடக்க வேண்டாம். அவளிடம் நீயே சொல்லிவிடு. சொல்லத் தைரியம் இல்லையென்றால் அதையும் எழுத்தில் கொடு.

மேதா

*

மோதி பாக்
6 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உன் ரயில் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடு.

நேற்று குரு நானக் ஜயந்தி. குருத்வாரா பக்கம் வாணம் விடுவார்கள் என்று தெரியும். மறுபடி வெங்கி மாடியில் காமிராவை வைத்தேன். எதற்கு என்று கேட்காதே. வெங்கியும் கேட்டான். "வாணம் எடுக்க" என்றேன். "வாணம் அந்தப் பக்கம் விடறா, நீ இந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பி வெச்சிண்டிருக்கே" என்றான். பிறகு அவனே, "கவலைப்படாதேடா, உங்க மாடில இன்னிக்கு யாரும் இல்லை. பூட்டுன்னா பூட்டுதான்" என்றான்.

அவன் சொன்னது சரி. மாடி காலி. ஆனால் அதற்குக் கீழே, மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில், சிமெண்ட் ஜாலிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. ஜாலியின் ஓட்டைகளில் ஒரு தலை தெரிந்தது.

நான் நம் பிளாக்கை நோக்கி ஓடினேன். தைரியத்தினால் அல்ல. வெங்கி பார்த்துக்கொண்டிருந்தான்.

பூட்டிய மாடிக் கதவுக்கு முன்னால் அப்பாவின் மோடா. மோடாவில் அம்மா. முகத்தை ஜாலியில் அழுத்தி வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே இங்கே?"

"வாணம் பார்க்கறேன். பூட்டு யாருடா போட்டா?"

"முழங்கால் என்னாறது?"

"அதையும் கூட்டிண்டுதான் வந்தேன். மூணு மாடி, மாடிக்கு மாடி மோடாவைப் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து. யாரும் துரத்தலையே."

"அப்போ தீபாவளிக்கும் நீதானா?"

"வந்தேன்."

"தூங்கினேன்னு சொன்னியே!"

"தூங்கிட்டியாம்மான்னு கேட்டே. ஆமான்னேன். நீ கேக்கற கேள்வியிலேயே பதிலையும் எழுதிண்டு வர்றே, நான் எதுக்கு மாத்தணும்? நிஜத்தைச் சொன்னா நீ படியைப் பூட்டுவே. மேதா டிக்கெட் வாங்குவா. ரெண்டு பேரும் அதைத்தானே பண்ணியிருக்கேள்?"

உன் டிக்கெட்டைப் பற்றி நான் அதுவரை அவளிடம் சொல்லவில்லை, அக்கா. அவளுக்கு நம்மைத் தெரியும், அவ்வளவுதான்.

நான் படியில் உட்கார்ந்தேன். வெளியே ஒரு ராக்கெட் கிளம்பியது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு ஜாலிக்குத் திரும்பினாள். அது உதிர்ந்து முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"முப்பத்தெட்டு தீபாவளி இந்த ஊர்ல. ஒண்ணுகூடப் பார்த்ததில்லைடா. சத்தம் கேட்டிருக்கேன். நீயும் உங்கப்பாவும் மேலே இருப்பேள். நான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால. இறங்கி வந்த உடனே பஜ்ஜி சூடா இருக்கணும். இந்த வருஷம் எதுவும் பண்ணக் கூடாதுன்னுட்டா. அடுப்பு அணைஞ்சு கிடந்தது. என்ன பண்றதுன்னு தெரியலை. மேலே போய்ப் பார்த்தேன்." ஜாலி வழியாக மறுபடி எட்டிப் பார்த்தாள். "இவ்ளோ அழகா இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லலையே."

நான் ஒவ்வொரு வருஷமும் அவளுக்குப் படம் காட்டியிருக்கிறேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "நன்னாருக்கு" என்பாள். வாணம் பிடித்த எனக்குப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவள் வாணத்தை நேரில் பார்த்ததே இல்லை என்பது என் காமிராவுக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இன்று காலை குலாட்டியிடம் போய், படத்தில் இருப்பது ஆவி அல்ல, என் அம்மா என்றேன். ஆவி இல்லை என்பதை எழுத்தில் தர முடியுமா என்றார். தந்தேன். அரசாங்க உத்தியோகத்தில், இல்லாத விஷயத்துக்குச் சான்றிதழ் கொடுத்துப் பழக்கம்தான். மத்தியானம் பூட்டை எடுத்துவிட்டார்கள். சௌக்கிதார் அம்மாவைக் கண்டதும் கும்பிடுகிறான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆக விஷயம் தீர்ந்தது. நீ பார்த்த ஆள் அம்மாதான். ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்று அசையாமல் இருந்திருக்கிறாள், அதனால்தான் படத்தில் அவ்வளவு தெளிவு. அவளை அழைத்துப் போவதா வேண்டாமா என்பதை நீயே அவளிடம் பேசிக்கொள். நான் பதில் சொல்லும் தகுதியை இழந்துவிட்டேன்.

நரேன்

*

நங்கநல்லூர்
7 நவம்பர் 2025

அன்புள்ள நரேன்,

நேற்று ராத்திரி அம்மாவோடு ஃபோனில் பேசினேன். அதிசயம், யாரும் கத்தவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். "வாடி. என்னை எடுத்துண்டு போக வராதே, பார்க்க வா. நான் எங்கே இருக்கணும்னு நீங்க ரெண்டு பேரும் பேசினது போறும். வருஷம் திரும்பட்டும், நானே சொல்றேன்" என்றாள். சரி என்றேன். இதற்குமுன் அவளிடம் நான் சரி என்று சொன்னதாக எனக்கே ஞாபகம் இல்லை.

பிறகு தீபாவளியைப் பற்றிக் கேட்டேன். மத்தாப்பைப் பார்த்த சின்னப் பெண்மாதிரி சொன்னாள். பச்சை ஒன்று மேலே போய்த் தென்னை ஓலைபோல் விரிந்ததாம், விழும்போது பாதியில் தங்கமாக மாறியதாம். "நின்னு நின்னு காலே வலிச்சிருக்குமே" என்றேன்.

"நிக்கவாவது! இந்த முட்டியை வெச்சிண்டா? ஏறின உடனே மோடால உட்கார்ந்தவதான், எல்லாம் ஓயற வரைக்கும் எழுந்திருக்கலை. கைப்பிடிச் சுவர் கழுத்து வரைக்கும் மறைக்கறது, தலை மட்டும் வெளியே. குளிர் வேற. ரெண்டு கையையும் சால்வைக்குள்ள விட்டுண்டு, பொம்மைமாதிரி இருந்தேன்."

நான் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன், நரேன். நீயும் திறந்து பார். நீ பார்த்திருப்பாய். 'விஷயம் தீர்ந்தது' என்று எழுதுகிறவன் நன்றாகப் பார்த்தவன்தான்.

சுவருக்கு மேலே இடுப்புவரை தெரிகிறது. அந்த ஆளுக்குப் பக்கத்தில், சுவரின் விளிம்பில், ஒரு சின்ன உருண்டை தெரிகிறது. நான் அதைப் பூந்தொட்டி என்று நினைத்திருந்தேன். அதுதான் அம்மாவின் தலை.

"தனியா அங்கே உட்கார்ந்திருக்கப் பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"தனியா எங்கே இருந்தேன்?" என்றாள். உடனே, சென்னையில் தேங்காய் என்ன விலை என்று கேட்டாள். சொன்னேன். டெல்லி விலையைச் சொன்னாள்.

குலாட்டிக்கு நீ எழுதிக் கொடுத்தது அப்படியே இருக்கட்டும். திருத்த வேண்டாம். படத்தை இனி யாருக்கும் காட்டாதே.

அடுத்த தீபாவளிக்கு நான் வருகிறேன். துக்க வருஷம் முடிந்திருக்கும், பட்சணம் பண்ணலாம். ஆனால் அடுப்பு அன்றைக்கும் அணைந்தே இருக்கட்டும். பஜ்ஜி கடையில் கிடைக்கும். அம்மாவை நாம் இரண்டு பேரும் கைத்தாங்கலாக ஏற்றிவிடலாம். வெங்கி மாடி வேண்டாம், காமிராவை நம் மாடியிலேயே வை. மோடா அம்மாவுக்கு. நான் தரையில் உட்கார்ந்துகொள்வேன். தொட்டிகளுக்கு நடுவில் மட்டும் யாரும் போய் நிற்க வேண்டாம்.

அலமாரியைத் திறந்து அந்தத் தொப்பியை எடு. நீ பிடிக்காதே, உனக்குப் பாதி வாணம் லேட்டாகிறது. நீ பட்டனைப் பார்த்துக்கொண்டால் போதும். தொப்பியைக் கைப்பிடிச் சுவர்மேல், வலது கைக்கு எட்டும்படி வைத்துவிடு.

அக்கா